பெரிய கோயிலின் நிழல்



புகழ்பெற்ற பழங்கட்டடம் ஒன்றைக் காண விரும்புவோர், தமக்கென ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு, ஒரே நாளில் பார்த்துத் திரும்புவது இக்காலத்தில் பெருகிவரும் வழக்கமாகும். அவ்வாறு செல்வோர் பெறக்கூடியது யாது, இழந்துவிடக்கூடியது யாது, வழிகாட்டியை எவ்வாறு பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பவற்றை, தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இன்று சொல்லப் புகுகிறேன். இதில் என்னுடைய பிழை ஒன்றும் கலந்திருக்கிறது. அதனை மறைக்காமல் சொல்வது என் கடமை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் வகுப்பறையில் நின்றவன். சோழர் வரலாற்றுப் பாடம் வரும்போதெல்லாம், "தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழுவதே இல்லை, நம் முன்னோரின் கட்டடக் கலைத் திறம் அத்தகையது" என்று பெருமிதத்தோடு சொல்லி வந்தேன். ஒரு முறை, பின் பலகையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, நாங்கள் மார்கழி விடுமுறையில் போயிருந்தோம். கோபுரத்து நிழலில் உட்கார்ந்துதான் கட்டுச்சோறு தின்றோம்" என்றான். வகுப்பு சிரித்தது. நான் அவனை, "வேறு ஏதேனும் மரத்து நிழலாக இருக்கும், உட்கார்" என்று அடக்கிவிட்டேன். அவன் உட்கார்ந்தான். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவன் ஒரு கேள்வியும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அதுவரை நான் தஞ்சாவூரைக் கண்டவன் அல்லன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு, ஒரு மார்கழி மாதத்தில், கல்லூரியில் பயிலும் பேரனையும் பள்ளியில் பயிலும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள எங்கள் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து கோவைக்கு வந்து, இரவு இரயிலேறி, விடியற்காலையில் தஞ்சை அடைந்தோம். அரசின் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை அன்று பகலுக்கு அமர்த்தியிருந்தோம். இன்ன இடங்கள், இத்தனை மணி நேரம், இவ்வளவு ஊதியம், விளக்கம் தமிழில் என்பனவெல்லாம் முன்னரே பேசி முடித்திருந்ததால், பின்னர் மனக்கசப்புக்கு இடமே இல்லாது போயிற்று.

காலை இளவெயிலில் இரண்டு வாயில்களைக் கடந்தோம். முதல் வாயிலுக்குக் கேரளாந்தகன் திருவாசல் என்றும், அடுத்ததற்கு இராஜராஜன் திருவாசல் என்றும் பெயர். அவற்றைத் தாண்டியதும் பரந்த முற்றமும், அதன் மேற்கே வானளாவி நிற்கும் விமானமும் காட்சி தந்தன. பிள்ளைகள் இருவரும் சிறிது நேரம் பேச்சற்று நின்றார்கள். வழிகாட்டியாரும் வாய் திறக்கவில்லை. பேசாமல் இருக்க வேண்டிய நேரத்தை அறிந்தவர் அவர்.

பிறகு அவர் விளக்கத் தொடங்கினார். முதலாம் இராஜராஜன் எடுப்பித்த கோயில் இது என்பதையும், அவனது 25ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010இல், விமானத்தின் உச்சியில் வைப்பதற்குக் கலசம் அளித்தான் என்பதையும், பெரிய நந்தியும் அதன் மண்டபமும் பிற்காலத்து நாயக்கர் பணி என்பதையும் தெளிவாகச் சொன்னார். அதன் பின்னர், "உச்சியில் இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒரே கல். இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது" என்றார்.

என் பேத்தி என் கையைப் பற்றினாள். "அப்புச்சி, மாலையில் நம் பாலமலையின் நிழல் ஊர்மேல் வந்து விழுகிறதே. மலைக்கே நிழல் விழும்போது கோபுரத்துக்கு விழாதா?" என்றாள்.

எனக்கு அந்தப் பழைய மாணவனின் முகம் நினைவுக்கு வந்தது. "உச்சிவேளை வரட்டும், பார்ப்போம்" என்றேன்.

நடை சாத்துவதற்குச் சற்று முன், பன்னிரண்டேகால் மணி அளவில், விமானத்தின் வடபுறத்து முற்றத்தில் நின்றோம். நிழல் தெளிவாகத் தரையில் கிடந்தது! கலசத்தின் நிழல்நுனி வரையில் பேரன் அளவு நாடாவைப் பிடித்தான். அடித்தளத்தின் விளிம்பிலிருந்து 83 அடி இருந்தது.

இதன் காரணம் மிக எளிது. தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ பத்தே முக்கால் பாகையில் உள்ளது. மார்கழி மாதத்தில் சூரியன் நடுக்கோட்டுக்குத் தெற்கே இருபத்து மூன்றரைப் பாகை வரை ஒதுங்கிச் செல்கிறான். இரண்டையும் கூட்டினால், அக்காலத்து நண்பகலில் சூரியன் தலைக்கு நேரே நில்லாமல் சுமார் 34 பாகை தெற்கே சாய்ந்து நிற்பான். ஆகவே நிழல் வடக்கே நீளுகிறது. சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணித் தொடக்கத்திலும் சூரியன் தஞ்சைக்கு நேர் உச்சியில் வருகிறான். அந்நாட்களை ஒட்டிய நண்பகல்களில், அகன்ற அடியும் குறுகிய முடியும் கொண்ட விமானத்தின் நிழல் பெரும்பாலும் அதன் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அவ்வேளையில் வந்து பார்த்தவர்கள் கண்டதைச் சொன்னார்கள். கேட்டவர்கள் அதனை எல்லா நாளுக்கும் எல்லா வேளைக்கும் உரியதாக்கிவிட்டார்கள். காலையிலும் மாலையிலும் எந்த மாதத்திலும் நிழல் விழத்தான் செய்கிறது.

அத்தோடு நாங்கள் நிற்கவில்லை. பண்டைக் கிரேக்க நாட்டு அறிஞர் தேலீசு, எகிப்து நாட்டுப் பிரமிடின் உயரத்தை அதன் நிழலைக் கொண்டே கணக்கிட்டார் என்று பழைய நூல்கள் கூறும். அம்முறையையே நாங்களும் பின்பற்றினோம். மூன்று அடி நீளமுள்ள என் கைத்தடியை நிமிர்த்திப் பிடித்தேன். அதன் நிழல் இரண்டு அடி இருந்தது. விமானத்தின் அடித்தளம் ஏறத்தாழ நூறு அடிச் சதுரம். நடுவிலிருந்து விளிம்புக்கு 50 அடி. அதனுடன் 83ஐக் கூட்ட 133 அடி. நிழல் இரண்டு பங்கானால் உயரம் மூன்று பங்கு. எனவே விமானத்தின் உயரம் ஏறத்தாழ 200 அடி! விழாது என்று நான் கற்பித்த அந்த நிழலே எங்களுக்கு அளவுகோல் ஆயிற்று. அன்று அந்த மாணவனை அடக்காமல், "நிழல் எவ்வளவு நீளம் இருந்தது?" என்று கேட்டிருந்தால், வகுப்பு முழுவதற்கும் ஒரு நல்ல கணக்குப் பாடம் கிடைத்திருக்குமே!

வழிகாட்டியார் எங்கள் கணக்கைப் பொறுமையாகக் கவனித்துவிட்டு மெல்லச் சிரித்தார். "ஐயா, நிழல் விழுவது எனக்குத் தெரியாததா? நாள்தோறும் அதில் ஒதுங்கித்தான் நிற்கிறேன். ஆனால் இதைச் சொல்லாவிட்டால், 'இவருக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று வருகிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னாரே என்கிறார்கள்" என்றார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. அவரை அவ்வாறு சொல்லவைத்த வாத்தியார்களில் நானும் ஒருவன் அன்றோ? கேட்போர் விரும்பும் சரக்கையே கடைக்காரர் கொண்டுவந்து வைப்பார். குறை அவருடையது மட்டும் அன்று.

"உச்சிக் கல்லைப் பற்றிய செய்தி எப்படி?" என்று பேரன் கேட்டான். "அதுவும் ஒரே கல் அன்று, தம்பி. பல துண்டுகளை இணைத்து அமைத்தது என்பதே ஆராய்ந்தவர்கள் கண்டது. சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டி ஏற்றினார்கள் என்பது ஊர் வழக்கு, அதைக் கல்வெட்டில் காண முடியாது" என்றார். சற்று நிறுத்தி, "கல்வெட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் அரியர். நீங்கள் கேட்பதானால் காட்டுகிறேன்" என்றார். அவர் குரலில் ஒரு புதிய உற்சாகம் பிறந்தது.

விமானத்தின் அடித்தளத்தில் வரிவரியாகப் பொறிக்கப்பட்டிருக்கும் எழுத்துகளை விரலால் தொடாமல் சுட்டிக்காட்டி அவர் படித்தார். தன் 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளில், அரண்மனையின் திருமஞ்சனச் சாலையில் இருந்தபோது மன்னன் ஓர் ஆணை பிறப்பிக்கிறான். தான் கொடுத்தவை, தமக்கை கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை ஆகியவற்றோடு, பிறர் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டுக என்பது அவ்வாணையின் கருத்து. பேரரசனின் கொடையும் பிறருடைய கொடையும் ஒரே கல்லில் இடம்பெற வேண்டும் என்று நினைத்த அந்த மனப்பான்மையை எண்ணிப் பாருங்கள்.

மற்றொரு நீண்ட கல்வெட்டில், ஆடலுக்காகப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட 400 பெண்களின் பெயர்களும், ஒவ்வொருவருக்கும் அளித்த வீடு எந்தத் தெருச் சிறகில் உள்ளது என்பதும், ஆண்டுக்கு நூறு கலம் நெல் பங்கு என்பதும் காணப்படுகின்றன. கணக்கர், தையற்காரர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், நாவிதர், வண்ணார், குயவர் முதலியோருக்குரிய பங்குகளும் உள்ளன. தலைமைச் சிற்பியான குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சனின் பெயரும் கல்லில் நிலைத்திருக்கிறது.

கோயிலில் ஒரு விளக்கு நாள்தோறும் எரிய உழக்கு நெய் வேண்டும். அதற்கு முதலாக 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அதாவது, நெய் தருவதில் இரண்டு ஆடு ஒரு பசுவுக்கும், மூன்று பசு ஓர் எருமைக்கும் ஈடு. கறவை மாடு வைத்திருக்கும் கொங்கு நாட்டுக் குடும்பத்துப் பிள்ளைகளே, இந்தக் கணக்கு உங்களுக்கு எளிதில் விளங்கும்! ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓர் ஊரின் உழைப்பும் உணவும் ஊதியமும் அந்தக் கற்களில் பேசுகின்றன. நிழல் விழாத அற்புதத்தைவிட இது சிறிய அற்புதமா?

இவ்வுண்மைகளும் எல்லாக் காலத்திலும் எல்லாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எழுத்துகள் கண்முன் இருந்தும், கரிகாலன் கட்டிய கோயில் என்று ஒரு புராணக் கதை வழங்கிவந்தது. ஜெர்மானிய அறிஞரான ஹுல்ட்ஸ் இக்கல்வெட்டுகளைப் படித்து, 1891 முதல் அச்சில் வெளியிட்ட பின்னரே பலருக்கும் தெளிவு பிறந்தது. இதுபோன்றதே ஓவியத்தின் கதையும். கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உள்சுற்றில் நாயக்கர் காலத்து ஓவியங்களே உள்ளன என்று கருதியிருந்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வரலாற்று ஆசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல், அந்த மேற்பூச்சுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதைக் கண்டு வெளிப்படுத்தினார். கதைகளும் ஒரு வகை மேற்பூச்சே. அவற்றைப் பழிக்க வேண்டியதில்லை. ஆயினும் அடியில் இருப்பது என்ன என்று கேட்கும் கண் நமக்கு வேண்டும்.

மாணவ நேயர்களே, நீங்கள் இத்தகைய பயணம் செல்லும்போது சிலவற்றை மனத்தில் கொள்ளுங்கள். முதலாவது, புறப்படுமுன் அவ்விடத்தைப் பற்றி ஒரு நூலேனும் படித்து, ஐந்து கேள்விகளையாவது எழுதிக்கொண்டு செல்லுங்கள். கேள்வியில்லாமல் போகிறவனுக்கு வழிகாட்டி கதைதான் சொல்ல முடியும். இரண்டாவது, ஒவ்வொரு செய்திக்கும், "இது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? இதனை நாம் பார்த்து அறிய இயலுமா?" என்று பணிவோடு கேளுங்கள். வழிகாட்டியை மடக்குவதற்காகக் கேட்பது பண்பன்று. அவரிடம் உள்ள மெய்யறிவை வெளிக்கொணரவே கேட்க வேண்டும். மூன்றாவது, காலையிலேயே சென்றுவிடுங்கள். நண்பகலில் கருங்கல் தளம் வெறுங்காலைச் சுடும், நடையும் சாத்திவிடுவார்கள். மேல்நிலைச் சிற்பங்களைக் காணத் தொலைநோக்கிக் கண்ணாடியும், குறிப்பேடும், அளவு நாடாவும், ஒரு நேரான கோலும் போதும். நான்காவது, எழுத்துகளின் மேல் சுண்ணக்கட்டி தேய்ப்பதும், எண்ணெய் தடவுவதும், பெயர் கிறுக்குவதும் கூடாது. அந்தக் கல் இன்னும் படிக்கப்பட வேண்டிய ஏடு.

இதற்குத் தஞ்சாவூர் வரையில் போகத்தான் வேண்டும் என்பதில்லை. நம் பேரூரிலும் அவிநாசியிலும் கல்வெட்டுகள் உள்ளன. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சென்று, சுவரில் ஓர் எழுத்தையேனும் கண்டுபிடிக்க முயலுங்கள். ஓர் எழுத்து விளங்கினால், அடுத்த எழுத்துக்கு ஆசை பிறக்கும்.

அன்று மாலை விடைபெறும்போது, பேசியிருந்த ஊதியத்துக்கு மேல் நான் கொடுக்க முயன்றதை வழிகாட்டியார் வாங்க மறுத்துவிட்டார். "பாப்பா கேட்ட கேள்விக்கு அது ஈடாகிவிட்டது, ஐயா. இனி நிழல் விழும் என்றே சொல்லப்போகிறேன், அளந்து காட்டவும் ஒரு கோல் வைத்துக்கொள்கிறேன்" என்றார். அவர் தம் சொல்லைத் திருத்திக்கொள்ள முன்வந்த பின், நான் வாளாவிருப்பது தகுமா?

எனவே, என் பழைய மாணவனே, நீ இப்போது எங்கே இருக்கிறாயோ அறியேன். உனக்கே கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் இருக்கலாம். இந்த வானொலிப் பேச்சு உன் காதில் விழுமானால், ஒன்றை அறிந்துகொள். நீ கண்டது மரத்து நிழல் அன்று. கோபுரத்து நிழலேதான். கண்ணால் கண்டதைச் சொன்ன உன்னை, காணாத நான் உட்காரச் சொன்னேன். பிழை என்னுடையது.

இதனைக் கேட்கும் இளைஞர்களே, கண்டதைச் சொல்ல அஞ்சாதீர்கள். சொன்னவர் ஆசிரியரே ஆனாலும், ஒரு கோலை நட்டு நிழலை அளந்து பாருங்கள்.