வஜ்ஜிரமும் முழங்காலும்

தச்சாசாரிகள் மரத்தை ஒட்டுவதற்குக் காய்ச்சிய வஜ்ஜிரத்தை ஊரில் பார்த்தவர்கள் நம்மில் சிலராவது இருப்பார்கள். தோலையும் எலும்பையும் தண்ணீரில் நெடுநேரம் கொதிக்க வைத்தால் கிடைக்கிற பசை அது. அதற்கு மூலமான புரதத்தின் பெயர் கொலாஜன். கிரேக்க மொழியில் ‘கொல்லா’ என்றாலே பசைதான். நம் உடம்பிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இதுவே. தோலிலும் இருக்கிறது, மூட்டுக் குருத்தெலும்பிலும் இருக்கிறது. அப்படியிருக்க, வெந்துபோன தோலை மறுபடி வளர வைக்கிற விஞ்ஞானத்தால் தேய்ந்த முழங்காலில் ஏன் குருத்தெலும்பை வளர்க்க முடியவில்லை? மும்பையில் ஒரு சோதனைக்கூடத்தில் புரதங்களோடு காலம் தள்ளியவன் என்பதால், சங்கத்துப் பெரியவர்கள் பலர் என்னிடம் கேட்கிற கேள்வி இது.

கொலாஜன் மூன்று புரியாக முறுக்கிய கயிறு. 1954-இல் இதைக் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கங்காரு வாலின் தசைநாணில் எக்ஸ்-கதிர் பாய்ச்சி எடுத்த படங்கள் அவர்களுக்கு உதவின. மறு வருஷமே, அந்த முறுக்கின் மேல் இன்னொரு முறுக்கும் உண்டு என்று தாங்களே திருத்தினார்கள். எங்கள் கூடத்தில் கங்காருவுக்கு எங்கே போவது? எலிவால்தான். வாலிலிருந்து வெள்ளை இழைகளை உருவி, நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் குளிரில் போட்டு வைத்தால் விளக்கெண்ணெய் மாதிரி கரையும். புளிப்பை மாற்றி, உப்புச் சேர்த்து, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் தானாகவே தயிர் போல உறையும். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத காட்சி.

இவ்வளவு உறுதியான கயிற்றை உடம்பு எப்படி அறுக்கிறது? விடை சொன்னது தவளை. தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் எங்கே போகிறது என்று அமெரிக்காவில் ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாப்பியேரும் யோசித்தார்கள். வால் திசுவை எடுத்து, உறைந்த கொலாஜன் மேல் வைத்தார்கள். சுற்றிலும் கொலாஜன் கரைந்துபோயிற்று! 1962-இல் வெளியான அந்த ஆய்வில் அறிமுகமான கத்தரிதான் கொலாஜனேஸ் என்ற நொதி. அதே குடும்பத்துக் கத்தரிகள் நம் மூட்டிலும் உண்டு. தேய்மானத்தில் குருத்தெலும்பின் செல்களே அவற்றை அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. முடக்குவாதத்தில் கதை வேறு. அங்கே அழற்சியைத் தூண்டிவிடும் டி.என்.எஃப். என்ற புரதம் முக்கியமான எஜமான். லண்டனில் ஃபெல்ட்மானும் மைனியும் நோயாளிகளின் மூட்டுத் திசுவைக் கிண்ணத்தில் வைத்து ஆராய்ந்து, 1992-இல் அதைத் தடுக்கும் மருந்தை முதன்முதலாக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வகை ஊசிகள் இன்று இந்தியாவிலும் கிடைக்கின்றன. அப்படியானால் தேய்மானத்துக்குக் கத்தரியையே கட்டிப்போட்டால் என்ன? அதையும் முயன்றார்கள். மருந்து சாப்பிட்ட பலருக்கு மூட்டுவலியே பக்கவிளைவாக வந்தது. உடம்புக்குக் கொஞ்சம் கத்தரியும் தேவை போலும்.

அறுந்ததை மறுபடி நெய்வதுதான் பெரிய சிக்கல். குருத்தெலும்பில் ரத்தக்குழாய் கிடையாது, செல்களும் சொற்பம். அதிலுள்ள கொலாஜனில் பாதி மாறுவதற்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆகும் என்று 2000-இல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. தோலுக்கு அதே கணக்கு 15 வருஷம். அதாவது, எழுபது வயதுப் பாட்டியின் முழங்காலில் இருப்பது பெரும்பாலும் அவர் இருபது வயதில் நடந்த அதே கயிறு. சுவீடனில் நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புச் செல்களை வளர்த்து மூட்டில் வைத்த சிகிச்சை 1994-இல் வெளியானது. விளையாட்டில் அடிபட்ட இளைஞர்களின் சிறு பள்ளங்களுக்கு அது உதவும், வயோதிகத் தேய்மானத்துக்கு ஆகாது.

டிவியில் காட்டும் கொலாஜன் பவுடர்? குடித்தால் வயிற்றில் துண்டுதுண்டாகச் செரிந்துவிடும், நேரே முழங்காலுக்குப் போய் உட்காராது. வலி சற்றுக் குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் பல, விற்கிற கம்பெனிகளின் பணத்தில் நடந்தவை. குருத்தெலும்பு வளர்ந்ததற்கு நல்ல சான்று இல்லை. இன்னொன்று, செடிகொடிகளில் கொலாஜன் கிடையாது. மாடு, பன்றி, மீன் இவற்றிலிருந்துதான் எடுக்கிறார்கள். சைவக் குடும்பங்கள் டப்பாவைப் படித்துவிட்டு வாங்கவும்.

தோல் அப்படியில்லை, ரத்த ஓட்டம் நிறைந்தது. பாஸ்டனில் ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவரும் யானாஸ் என்ற பொறியியல் பேராசிரியரும் 1981-இல் ஒரு செயற்கைத் தோலை வெளியிட்டார்கள். அடியில் மாட்டுக் கொலாஜனும் சுறாவின் குருத்தெலும்புச் சர்க்கரையும் கலந்த பஞ்சு, மேலே சிலிக்கோன் ஏடு. வெந்த இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் நோயாளியின் செல்களும் ரத்தக்குழாய்களும் பஞ்சுக்குள் குடியேறிப் புது அடித்தோலை நெய்துகொள்கின்றன. பிறகு சிலிக்கோனை உரித்துவிட்டு, அவருடைய சொந்தத் தோலிலிருந்தே மிக மெல்லிய ஒட்டு வைக்கிறார்கள்.

ஆனால் அதன் விலை நம் தீக்காய வார்டுகளுக்குக் கட்டுப்படியாகாது. இங்கே உயிர் காக்க உதவுவது தானத் தோல். சயான் லோகமான்ய திலகர் மருத்துவமனையில் 2000-இலிருந்து தோல் வங்கி இருக்கிறது. இறந்த 6 மணி நேரத்துக்குள் தொடை, கால், முதுகிலிருந்து மெல்லிய ஏடாக எடுப்பார்கள். வீட்டுக்கே வந்து எடுக்கலாம், முகத்தைத் தொடமாட்டார்கள், ரத்த குரூப் பொருந்தவேண்டியதில்லை. அந்தத் தோல் நிரந்தரமாக ஒட்டாது, சில வாரங்களில் உடம்பு அதைத் தள்ளிவிடும். அதற்குள் அடியில் புண் ஆறி, நோயாளியின் சொந்தத் தோல் ஒட்டும் அளவுக்குத் தேறிவிடும்.