ரத்தம் சிந்தாத புறா வேட்டை! முதல் துப்பாக்கி வாங்குவது எப்படி?

"புல்!"

துப்பாக்கியுடன் நிற்பவர் இப்படிக் கத்துகிறார். மறு நொடியே, மேட்டுக்குப் பின்னால் இருந்து ஏதோ ஒன்று "விர்"ரென்று வானத்தில் பாய்கிறது. "டுமீல்!" என்று வெடிச் சத்தம். பறந்து வந்தது தூள் தூளாகச் சிதறுகிறது.

ஆனால் ஓர் இறகுகூடக் கீழே விழவில்லை. ஒரு சொட்டு ரத்தமும் இல்லை!

இதுதான் "மண் புறா" சுடும் விளையாட்டு.

இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிராமப் பக்கம் போனால் இந்த வெடிச் சத்தத்தைக் கேட்கலாம். விவசாயிகள் வருவார்கள். ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள் வருவார்கள். ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று, முறை வைத்துச் சுடுவார்கள்.

நாலு நாள் சுட்டுப் பார்த்தவருக்கு ஆசை வந்துவிடும். "எனக்கென்று சொந்தமாக ஒரு துப்பாக்கி வேண்டும். எதை வாங்கலாம்?" என்று கேட்பார்.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் பதில் வேடிக்கையாக இருக்கும். "துப்பாக்கியைப் பார்ப்பது அப்புறம். முதலில் உங்கள் உடம்பை அளந்து பாருங்கள்!" என்பார்கள்.

உடம்புக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்? அதைத் தெரிந்துகொள்ளும் முன், மண் புறாவின் கதையைப் பார்ப்போம்.

புறா தப்பித்த கதை

ஒரு காலத்தில் நிஜப் புறாக்களைத்தான் சுட்டார்கள். புறாவைப் பெட்டிக்குள் அடைத்து வைப்பார்கள். சுடுபவர் "இழு" என்று சொன்னதும் ஓர் ஆள் கயிற்றை இழுப்பார். பெட்டி திறக்கும். புறா பறக்கும். உடனே சுடுவார்கள். இங்கிலீஷில் "புல்" என்றால் "இழு" என்று அர்த்தம். கயிறு போய்விட்டது. அந்தச் சொல் மட்டும் இன்றும் நிற்கிறது.

1900-ம் ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்கையொட்டிக்கூட உயிருள்ள புறாக்களைச் சுடும் போட்டி நடந்தது. பிரிட்டனில் 1921-ம் ஆண்டு சட்டம் போட்டு இந்தக் கொடுமையைத் தடுத்தார்கள்.

அதற்கு முன்பே புறாவுக்குப் பதில் ஆள் வந்துவிட்டது. கண்ணாடி உருண்டைகளை மேலே எறிந்து சுட்டுப் பார்த்தார்கள். பிறகு 1880-ம் ஆண்டில், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் சுட்ட மண்ணால் வட்டத் தட்டு செய்தார். நம் ஊர்ப் பிள்ளைகள் ஓட்டுச் சில்லைக் குளத்தில் வீசித் தத்தித் தத்திப் போகவிடுவார்கள் அல்லவா? அதைப்போல, தட்டையாகச் சுழன்று காற்றில் மிதந்து போகும் தட்டு அது.

இப்போது பெயர்தான் மண் புறா. உண்மையில் அது சுண்ணாம்புக்கல் பொடியும் தார் போன்ற பிசினும் கலந்து செய்த தட்டு. கவிழ்த்து வைத்த காபி "சாசர்" போல இருக்கும். குறுக்களவு 110 மில்லிமீட்டர். எடை சுமார் 105 கிராம். எந்திரம் அதை வீசி எறியும்.

புதுக்கோட்டை வீரர்

இந்த விளையாட்டு நமக்கும் அன்னியமானது அல்ல. பிகானீர் மகாராஜா கர்ணி சிங், இந்தியாவுக்காக ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் சுட்டவர். 2004-ம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராணுவ அதிகாரி ராஜ்யவர்தன் சிங் ராத்தோர், ஒரே நேரத்தில் பறக்கும் இரண்டு தட்டுகளைச் சுடும் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 2024-ம் ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் தட்டு சுட்டவர்களில் ஒருவர், புதுக்கோட்டை மன்னர் குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான்!

"12" பெரியதா, "20" பெரியதா?

இனி துப்பாக்கிக்கு வருவோம்.

ராணுவ வீரரின் ரைபிளில் இருந்து ஒரு முறைக்கு ஒரு குண்டுதான் வரும். இந்தத் துப்பாக்கி அப்படி அல்ல. ஒரு தோட்டாவுக்குள் கடுகைவிடச் சற்றுப் பெரிய ரவைகள் 300-க்கு மேல் இருக்கும். சுட்டதும் அவை கூட்டமாகப் பறந்து விரியும். பறக்கும் தட்டை அடிக்க இதுதான் ஏற்றது.

கடைக்குப் போனால், "12 போர் வேண்டுமா, 20 போர் வேண்டுமா?" என்று கேட்பார்கள். 20 தான் பெரியது என்று நினைத்துவிடாதீர்கள். 12 தான் பெரியது!

அது எப்படி? ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால், ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாக நுழையுமோ, அது 12 போர். 20 உருண்டைகளாக உருட்டினால் உருண்டை சிறுக்கும். குழலும் சிறுக்கும். அது 20 போர்.

முதல் துப்பாக்கிக்கு 12 போர் வாங்குவதே வழக்கம். அதற்கான தோட்டா எங்கும் கிடைக்கும். விலையும் மலிவு. சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்கு 20 போர் ஏற்றதாக இருக்கலாம்.

மூன்று வகை

மண் புறா சுடும் இடத்தில் மூன்று வகைத் துப்பாக்கிகளைப் பார்க்கலாம்.

ஒன்று, இரண்டு குழல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது. நம் ஊர் ஜமீன்தார் வீட்டுச் சுவரில் தொங்கும் இரட்டைக் குழல் துப்பாக்கி இந்த வகைதான்.

இரண்டாவது, ஒரு குழலின் மேல் இன்னொரு குழல் இருப்பது.

மூன்றாவது, ஒற்றைக் குழல் தானியங்கி. ஒரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே உள்ளே தள்ளிக்கொள்ளும்.

புதிதாக வாங்குகிறவருக்கு இரண்டாவது வகைதான் நல்லது. காரணம் இரண்டு. பார்வைக்கு முன்னால் ஒரே ஒரு குழல்தான் தெரியும். குறி தடுமாறாது. அதைவிட முக்கியம், அதை நடுவில் மடித்துத் திறந்து கையில் தொங்கவிடலாம். "உள்ளே தோட்டா இல்லை" என்று சுற்றி நிற்கும் எல்லோருக்கும் தெரியும். பயமின்றி நிற்கலாம்.

தானியங்கி, தோளில் மெதுவாகத்தான் உதைக்கும். ஆனால் உள்ளே தோட்டா இருக்கிறதா, இல்லையா என்பது பக்கத்தில் நிற்பவருக்குச் சட்டென்று தெரியாது.

கனமே காவல்!

"நான் புதியவன். எனக்கு லேசான துப்பாக்கி போதும்" என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு.

சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும். ஒரே தோட்டாதான் என்றால், லேசான துப்பாக்கி பலமாக உதைக்கும். கனமான துப்பாக்கி மெல்ல உதைக்கும். ஒரு நாளில் 100 முறை சுட்டால் இந்த வித்தியாசத்தைத் தோள் சொல்லும்! உதைக்குப் பயந்தவர் சுடும்போது கண்ணை மூடிக்கொள்வார். கண்ணை மூடினால் தட்டு எங்கே விழும்?

ஆகவே சுமார் மூன்றரை கிலோ எடையும், 28 அல்லது 30 அங்குலக் குழலும் உள்ள துப்பாக்கியைச் சிபாரிசு செய்கிறார்கள். ஆனால் தூக்கி நிறுத்த முடியாத கனமும் கூடாது. கை சோர்ந்தால் குறியும் சோரும்.

சட்டை தைப்பது போல

இப்போது முக்கியமான விஷயம்.

மண் புறா மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 30 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. ரவைகள் அங்கே போய்ச் சேர, ஒரு நொடியில் சுமார் பத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். அதற்குள் புறா ஒன்றரை மீட்டர் தாண்டிவிடும்! எனவே புறாவுக்கு முன்னால், அது வரப்போகிற இடத்தைப் பார்த்துச் சுடவேண்டும்.

இந்த வேகத்தில் துப்பாக்கியைப் பார்க்க நேரம் ஏது? கண் புறாமேல் இருக்கவேண்டும். கண் போகும் இடத்துக்குத் துப்பாக்கி தானே போகவேண்டும்.

அதற்குத்தான் அளவு. துப்பாக்கியின் மரக்கட்டை தோளிலும் கன்னத்திலும் பதிகிறது. கட்டை உயரமாக இருந்தால் ரவை புறாவுக்கு மேலே போகும். தாழ்வாக இருந்தால் கீழே போகும். நீளம் கூடினால் சட்டையில் சிக்கும். நீளம் குறைந்தால் கட்டை விரலே மூக்கில் இடிக்கும்!

நல்ல கடைக்காரர் தையல்காரரைப் போல அளவு எடுப்பார். கையின் நீளம், கழுத்தின் உயரம், தோளின் அகலம், கன்னத்தின் பருமன் எல்லாம் பார்ப்பார். கட்டையை இப்படியும் அப்படியும் திருகி அளவு பார்ப்பதற்கென்றே தனித் துப்பாக்கிகூட உண்டு. பெண்களுக்குப் பெரும்பாலும் கட்டையின் நீளத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். கணவரின் துப்பாக்கியை மனைவி எடுத்துச் சுட்டால் கன்னம் வீங்குவது இதனால்தான். ஊரார் செருப்பு நம் காலுக்குப் பொருந்துமா?

உங்கள் "தலைமைக் கண்" எது?

இரண்டு கண்களில் ஒன்றுதான் தலைவன். எது என்று இப்போதே பார்த்துவிடலாம்.

இரண்டு கண்களையும் திறந்து வைத்து, தூரத்தில் உள்ள ஒரு கம்பத்தை விரலால் சுட்டிக்காட்டுங்கள். இடது கண்ணை மூடுங்கள். விரல் கம்பத்தின் மேலேயே நின்றால் வலது கண் தலைவன். விரல் விலகிவிட்டால் இடது கண் தலைவன்.

வலது கைக்காரருக்கு இடது கண் தலைவனாக இருந்தால் குறி தவறும். அவர் இடது தோளில் வைத்துச் சுடப் பழகலாம். அல்லது மூக்குக் கண்ணாடியின் இடது பக்கத்தில் சிறு ஒட்டுப் போட்டு மறைக்கலாம். இரண்டில் எது என்று முடிவு செய்த பிறகே துப்பாக்கி வாங்கவேண்டும். ஏனென்றால், வலது தோளுக்கான கட்டை ஒரு பக்கம் வளைந்திருக்கும். இடது தோளுக்கானது மறு பக்கம் வளைந்திருக்கும்.

புதியதா, பழையதா?

இத்தாலி நாட்டு பெரெட்டா கம்பெனி 1526-ம் ஆண்டில் இருந்து துப்பாக்கிக் குழல் செய்கிறது. அதன் "வெள்ளிப் புறா" என்ற துப்பாக்கிக்கு நல்ல பெயர். ஜப்பானின் மிரோகு துப்பாக்கியும் பிரபலமானது. புகழ்பெற்ற பிரவுனிங் பெயரில் வரும் பல துப்பாக்கிகளும் அதே மிரோகு தொழிற்சாலையில்தான் தயாராகின்றன.

நல்ல துப்பாக்கி பல ஆண்டு உழைக்கும். எனவே முதல் துப்பாக்கியைப் பழையதாக வாங்குவதில் வெட்கம் இல்லை. சித்திர வேலைப்பாட்டுக்குக் கொடுக்கும் பணத்தைப் பாடம் கற்கச் செலவிடலாம்.

ஆனால் இவற்றைப் பாருங்கள்: குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே துருவோ பள்ளமோ தெரியக்கூடாது. மடிக்கும் இடம் ஆடக்கூடாது. குழலில் சோதனை முத்திரை இருக்கவேண்டும். லண்டனிலும் பர்மிங்காமிலும் துப்பாக்கிகளைப் பலமான தோட்டா போட்டுச் சுட்டுச் சோதித்து முத்திரை குத்தும் நிலையங்கள் உண்டு. பர்மிங்காம் நிலையம் 1813-ம் ஆண்டிலேயே சட்டப்படி ஏற்பட்டது.

இன்னொன்று: ஈயம் விஷம் என்பதால், ஈய ரவைக்குத் தடை வரப்போவதாக 2025-ம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. எனவே எஃகு ரவையையும் தாங்கும் குழலா என்று கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். பலமான எஃகுத் தோட்டாவைத் தாங்கும் குழலில் லில்லிப் பூ முத்திரை இருக்கும்.

பூட்டு முதலில், துப்பாக்கி பிறகு!

பிரிட்டனில் பணம் இருந்தால் மட்டும் துப்பாக்கி கிடைத்துவிடாது. போலீசார் லைசென்சு கொடுக்கவேண்டும். ஆளைப் பற்றி விசாரிப்பார்கள். வீட்டுக்கும் வந்து பார்ப்பார்கள். லைசென்சு 5 ஆண்டுக்குத்தான். பிறகு மறுபடியும் விசாரணை.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிளிமத் நகரில் நடந்த கொடுமை பதில் சொல்லும். லைசென்சு வைத்திருந்த ஒருவன், அந்தத் துப்பாக்கியால் 5 பேரைச் சுட்டுக் கொன்றான். மாண்டவர்களில் ஒருத்தி 3 வயதுச் சிறுமி! அடிதடிப் புகாரில் பறித்து வைத்திருந்த துப்பாக்கியைப் போலீசார் அவனிடம் திருப்பிக் கொடுத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. அதே ஆண்டு நவம்பர் முதல், டாக்டரிடம் இருந்து உடல்நலம், மனநலம் பற்றிய தகவல் வராமல் லைசென்சு தரக்கூடாது என்று விதி இறுக்கப்பட்டது.

எனவே துப்பாக்கி வருவதற்கு முன்பே, சுவரோடு சேர்த்து முடுக்கிய எஃகுப் பெட்டி வீட்டுக்கு வந்துவிடவேண்டும். அதன் சாவி எங்கே இருக்கிறது என்பது லைசென்சு இல்லாத யாருக்கும், மனைவி மக்களுக்கும்கூட, தெரியக்கூடாது. நம் நாட்டிலும் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம்.

வரிசை மாறக்கூடாது

முதலில் பாடம். இங்கிலாந்தில் பயிற்சி மைதானத்திலேயே இரவல் துப்பாக்கி கொடுத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். பிறகு லைசென்சு. பிறகு பெட்டி. பிறகு அளவு. கடைசியில்தான் துப்பாக்கி!

"பதறாத காரியம் சிதறாது" என்பது பழமொழி. மண் புறா சுடுகிறவர் பதறாமல் இருந்தால், சிதறுவது தட்டு மட்டுமே.