பிள்ளையோடு எல்லை கடக்கும் முன்



தென்காசி, குற்றாலம் பகுதியில் வாழும் நமக்கு மாநில எல்லை தொலைவில் இல்லை. செங்கோட்டையைத் தாண்டினால் ஆரியங்காவு. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. எனவே மலைக்கு இருபுறமும் பெண் கொடுத்தல், எடுத்தல் நடைபெறுகிறது. மணவிலக்கு நேர்ந்தால் தாய், பிள்ளையுடன் கொல்லத்திலுள்ள தாய்வீட்டிற்குச் செல்ல நாடுகிறாள். அல்லது தந்தை பெங்களூருக்கு அழைத்துச் செல்ல நாடுகிறார். மற்றவரின் உரிமை என்னாவது?

உமர் (ரலி) அவர்கள் தம் மனைவி ஒருவரைப் பிரிந்திருந்தார்கள். ஒருநாள் குபாவுக்குச் சென்றபோது, பள்ளிவாசல் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகன் ஆஸிமைக் கண்டு தூக்கித் தம் வாகனத்தில் அமர்த்திக்கொண்டார்கள். சிறுவனின் பாட்டி ஓடிவந்து தடுத்தார். வழக்கு கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சென்றது. சிறுவனை விட்டுவிடுமாறு தீர்ப்பாயிற்று. உமர் (ரலி) மறுபேச்சுப் பேசவில்லை. இச்செய்தி முவத்தாவில் பதிவாகியுள்ளது. உமரே அடங்கினார் என்றால் நாம் எம்மாத்திரம்?

மறுமணம் செய்யாதவரை வளர்ப்புரிமையில் தாயே முந்தியவள் என்பது நபி (ஸல்) அவர்களின் தீர்ப்பு. இதையே ஹளானத் என்கிறோம். ஆனால் ஊர் மாறும்போது சட்டம் நுட்பமாகிறது. நிரந்தரக் குடிபெயர்வாயின், வழியும் சேருமிடமும் பாதுகாப்பாக இருந்தால், வமிசமும் கல்வியும் காக்கப்படத் தந்தைக்கே முன்னுரிமை என்பது ஷாஃபிஈ மத்ஹபு. தேவைக்கான பயணமாயின், பிள்ளை ஊரில் இருப்பவரிடமே தங்கும். ஹனஃபி மத்ஹபிலோ, நிக்காஹ் நடந்த தன் சொந்த ஊருக்குத் தாய் அழைத்துச் செல்லலாம். வேறு ஊராயின், தந்தை பிள்ளையைப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பும் தொலைவுக்குள் இருக்க வேண்டும். பிள்ளை இருவரையும் இழக்கக் கூடாது என்பதே இவற்றின் நோக்கம்.

நாட்டின் சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குட்பட்டோர் சட்டப்படி, பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்திற்கே அதிகாரம் உண்டு. நீதிமன்றம் நியமித்த காப்பாளர், அதன் எல்லையைவிட்டுப் பிள்ளையை அனுமதியின்றி அகற்றக்கூடாது என்கிறது 26ஆம் பிரிவு. 2012இல் பிரிட்டனிலிருந்து இரு மகள்களைக் கோவைக்கு அழைத்துவந்த ஒரு தாயின் வழக்கில், அவர்களுடன் அங்குள்ள நீதிமன்றத்திற்குச் செல்லுமாறு 2015இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. 2017இல் மூவர் அமர்வு, வெளிநாட்டு உத்தரவு கருதத்தக்க காரணிகளுள் ஒன்றே என்றும் பிள்ளையின் நலனே முதன்மை என்றும் தெளிவுபடுத்தியது.

எனவே சகோதர சகோதரிகளே, இரவோடிரவாகப் பிள்ளையைக் கொண்டு செல்லாதீர்கள். முன்கூட்டியே அறிவியுங்கள். பள்ளிக்கூடம், முகவரி, சந்திக்கும் நாள்கள், விடுமுறை, பயணச் செலவு ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதனிடம் அனுமதி பெறுங்கள். ஜமாஅத் பதிவேட்டில் இடும் கையெழுத்து சமாதானத்திற்கு உதவும். நீதிமன்ற அனுமதிக்கு ஈடாகாது. நிர்வாகிகள் இதை இருதரப்புக்கும் எடுத்துரைப்பது கடமை.

பிள்ளையைக் கொண்டு தாயும் துன்புறுத்தப்படலாகாது, தந்தையும் துன்புறுத்தப்படலாகாது என்று அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் நம்மை எச்சரிக்கிறது. மலையைக் கடக்கலாம், அல்லாஹ் விதித்த இந்த வரம்பைக் கடக்க வேண்டாம்.

பிரிந்த பெற்றோரின் உள்ளங்களில் நீதியையும் இரக்கத்தையும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.