மிலிட்டரி புல்லட் வாங்கும் முன்...

கட்கி என்று இப்போது எழுதுகிறோம். அங்கே இரண்டு, மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் நம்மவர்களுக்கு அது இன்றும் கிர்க்கிதான். வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும் ராணுவப் பட்டறைக்கும் டிப்போவுக்கும் வேலை தேடி வந்த குடும்பங்கள் அவை. தேஹு ரோடு பக்கம் இருப்போர் கதையும் அதுவேதான். ராணுவ வண்டிகள் வருவதையும் போவதையும் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு, பச்சை வர்ணம் பூசிய ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள் மீது ஆசை பிறப்பதில் வியப்பில்லை. அதிலும் அந்த வண்டி நம் திருவொற்றியூரில் பிறந்தது என்ற பெருமை வேறு.

அந்தப் பெருமை நியாயமானதே. எல்லைக் காவலுக்கும் போலீஸுக்கும் உறுதியான வண்டி வேண்டும் என்று அரசு தேடியபோது, 1950-களின் முற்பகுதியில் இங்கிலாந்திலிருந்து 350 சி.சி. புல்லட்டுகள் தருவிக்கப்பட்டன. 1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி தொடங்கப்பட்டது. முதலில் உதிரிப் பாகங்களைத் தருவித்துப் பூட்டியவர்கள், பிறகு எல்லாவற்றையும் இங்கேயே செய்யலானார்கள். தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் மூடப்பட்ட பிறகும் பிள்ளை திருவொற்றியூரில் ஓடிக்கொண்டிருந்தது!

ராணுவம் கழித்துவிடும் வண்டியை வாங்கும் வழக்கம் அதற்கும் முந்தியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பி.எஸ்.ஏ., நார்ட்டன், மேட்ச்லெஸ் வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. ‘டிஸ்போசல் சாமான்’ என்ற சொல்லே அப்போதுதான் நம் வீடுகளுக்குள் நுழைந்தது. பிற்காலத்தில் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாட்களில், டிஸ்போசல் புல்லட் ஒரு குறுக்குவழியாகவும் இருந்தது. இன்று காத்திருப்பு ஒன்றும் இல்லை. இன்று இழுப்பது ஆசையும், ‘சல்லிசாக வருகிறதே’ என்ற நினைப்பும்தான்.

என் நண்பர் ஒருவரையும் 1997-ல் அந்த நினைப்புதான் இழுத்தது. தனியார் கம்பெனியில் குமாஸ்தா. சீட்டு எடுத்த பணமும் தீபாவளி போனஸும் கையில் இருந்தன. ஒரு பழைய வண்டி வியாபாரியிடம் ராணுவ ஏலத்தில் எடுத்த புல்லட் இருந்தது. ஒரே உதையில் கிளம்பியது. அந்த ‘டுக் டுக்’ சத்தத்தைக் கேட்டதும் நண்பர் பேரம் பேசுவதைக்கூட மறந்துவிட்டார். வியாபாரி கொடுத்தவை இரண்டு: முத்திரைத்தாளில் ஒரு விற்பனைக் கடிதம், ஏலச் சான்றிதழின் ஜெராக்ஸ் பிரதி.

பதிவுக்காகப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனார். கவுண்டரில் இருந்தவர் கேட்டது ஒரே கேள்விதான்: “காகத் குடே ஆஹேத்?” ஜெராக்ஸை நீட்டினார். அதில் பதினொரு வண்டிகளின் நம்பர்கள் இருந்தன. வாங்கியவர் பெயர் வியாபாரியின் பெயர். அசல் சான்றிதழ் இல்லாமல் பதிவு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சட்டப்படி முழுக்கச் சரி. அசலைக் கேட்க ஓடினால், வியாபாரி கடையைக் காலி செய்துவிட்டிருந்தார்.

அந்தப் புல்லட் ஏழு ஆண்டுகள் அவர் வீட்டுப் பின்புறம் தார்ப்பாயின் கீழ் நின்றது. வெயில் காலத்தில் அவர் மனைவி வடாம் பலகையை அதன் மேல் சாய்த்து வைப்பார். “அண்ணே, இதைவிட உசத்தியான வடாம் ஸ்டாண்டு பூனாவிலேயே கிடையாது” என்று நண்பர் என்னிடம் சொல்வதுண்டு. கடைசியில் எடைக்குப் போட்டார்.

வண்டியல்ல, காகிதம்

ராணுவ வண்டிக்கு நம்மைப் போல ஆர்.டி.ஓ. பதிவு கிடையாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-வது பிரிவு அதற்குத் தனி வழி வகுத்திருக்கிறது. ராணுவ நம்பர் பிளேட்டில் மேல்நோக்கிய ஓர் அம்புக்குறியும், அடுத்து ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கங்களும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நம்பர் ராணுவப் பணி உள்ளவரைதான் செல்லும். பணி முடிந்ததும் பொதுமக்கள் வண்டிக்கு உள்ள பதிவு விதிகள் அனைத்தும் பொருந்தும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஏலத்தில் வெளிவரும் புல்லட், சட்டத்தின் கண்ணில் பதிவே ஆகாத வண்டி.

அதைப் பதிவு செய்ய 20-ம் எண் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கூடவே 21-ம் எண் படிவத்தில் விற்பனைச் சான்றிதழ். புது வண்டிக்கு இதைக் கம்பெனியோ டீலரோ கொடுப்பார். ராணுவ ஏல வண்டிக்குப் பாதுகாப்புத் துறை அதிகாரி கையெழுத்திட்டுக் கொடுப்பார். விதிகள் கேட்பது அசலைத்தான். என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் சான்றிதழில் உள்ளபடியே வண்டியிலும் இருக்க வேண்டும். வெட்டிய தடமோ மேலே அடித்த தடமோ தெரிந்தால், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

இன்னொரு நுணுக்கம். ஏலத்தில் வண்டிகள் பெரும்பாலும் மொத்தமாக, ‘லாட்’ கணக்கில் போகும். முன்பணம் கட்டி ஏலம் கேட்பதும், இருக்கிற நிலையில் அப்படியே எடுத்துக்கொள்வதும் நம் போன்ற மாதச் சம்பளக்காரரால் ஆகிற காரியமல்ல; வியாபாரிதான் எடுப்பார். முன்னாளில் இந்த விற்பனையைக் கவனித்த மத்திய அரசின் கொள்முதல் மற்றும் டிஸ்போசல் இயக்ககம் 2017-ல் மூடப்பட்டுவிட்டது. 1964-ல் தொடங்கிய எம்.எஸ்.டி.சி. என்ற அரசு நிறுவனம் ஏலத்தை இணையத்தில் நடத்துகிறது. ஆகவே, வியாபாரி முதலில் தன் பெயரில் வண்டியைப் பதிவு செய்யட்டும். பிறகு 29, 30-ம் எண் படிவங்கள் மூலம் உங்கள் பெயருக்கு மாற்றட்டும். “பதிவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறேன்” என்பவர், தன் தலைவலியை உங்கள் தலைக்கு மாற்றுகிறார்.

ஏலப் பட்டியலில் ‘ஸ்கிராப்’ என்று இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. அது உருக்குவதற்கு. 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது, அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையங்களுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. போர்ப்பணிக்கான சிறப்பு வாகனங்களுக்கு விலக்கு உண்டு. “நேற்றுதான் டிப்போவிலிருந்து வந்தது” என்று யாராவது பழைய புல்லட்டைக் காட்டினால், எந்தக் காகிதத்தோடு வந்தது என்று கேளுங்கள்.

பதிவில்லாமல் ஓட்டினால் என்ன என்று துணிபவர்களும் உண்டு. முதல் முறை பிடிபட்டால் அபராதம் 2,000 ரூபாய்க்குக் குறையாது. 5,000 வரை போகலாம். அபராதம் கிடக்கட்டும். தற்காலிகப் பதிவு காலாவதியான ஒரு வண்டி விபத்தில் சிக்கிய வழக்கில், இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னால் மனைவியையும் முன்னால் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போகிறவர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தொலைபேசியில் வரும் ‘ஜவான்’

அண்மைக் காலத்தில் வேறொரு மோசடி கிளம்பியிருக்கிறது. பழைய பொருள் விற்கும் இணையப் பக்கங்களில் புல்லட் படமும் மலிவு விலையும் போடுவார்கள். போன் செய்தால், “நான் ராணுவத்தில் இருக்கிறேன், வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது” என்பார் ஒருவர். சீருடைப் படம், அடையாள அட்டைப் படம் எல்லாம் வரும். வண்டியை ராணுவப் பார்சலில் அனுப்புகிறேன், முதலில் கூலி கட்டு என்பார். பிறகு வரி என்பார், டெபாசிட் என்பார். வண்டி மட்டும் வராது. பல நகரங்களில் போலீசார் எச்சரித்தும் ஏமாறுகிறவர்கள் குறையவில்லை. சீருடைக்கு நாம் தரும் மரியாதையே அவர்களுக்கு முதலீடு. கண்ணால் பார்க்காத வண்டிக்கு ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள்.

ஒரு ஜவான் தன் சொந்த உபயோகத்துக்கு வாங்கி, மாற்றலின்போது விற்கிற வண்டி வேறு. அது ‘மிலிட்டரி வண்டி’ அல்ல. அதற்கு நம்முடையதைப் போலவே ஆர்.சி. புத்தகம் இருக்கும்.

காகிதம் சரியாக இருந்தால் மட்டும் என்ஜினைப் பாருங்கள். மைல் மீட்டரை நம்ப வேண்டாம். என்ஜின் ஆறியிருக்கும்போது போய், நீங்களே உதைத்துக் கிளப்புங்கள். பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டுக்கு அதற்கென்று ஒரு பக்குவம் உண்டு: மெதுவாக மிதித்து, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஸரைத் தொட்டுவிட்டு உதைக்க வேண்டும். இல்லாவிட்டால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். அந்தக் கால வண்டியில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். புது வண்டி ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் கியரை மிதித்துவிட்டு, வண்டி நிற்கவில்லையே என்று அலறுவார். ஒரு வாரம் காலி ரோட்டில் பழகிக்கொள்வது நல்லது.

உதிரிப் பாகத்துக்கு நானா பேட் இருக்கிறது. ஞாயிறும் புதனும் கூடும் ஜூனா பஜாரில், 1985-ல் எரிந்துபோன நம் மூர் மார்க்கெட்டை நினைவூட்டும் குவியல்களில், அபூர்வமான சாமான்கள் சில வேளை அகப்படும். பேரம் மராத்தியில் பேசினால் விலை இறங்கும்.

வாங்கியவர் முதலில் செய்ய வேண்டியது வர்ணம் மாற்றுவது. மனம் கேட்காதுதான், அந்தப் பச்சைக்காகத்தானே வாங்கினோம்! ஆனால் ராணுவத்தின் ஆலிவ் பச்சையைப் பொதுமக்கள் வண்டிக்குப் பூசக் கூடாது என்று மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. அம்புக்குறி பிளேட்டை அலங்காரத்துக்கு மாட்டிக்கொள்வதும் வேண்டாத வம்பு.

ஓய்வு பெற்றபின் வண்டியை ரயிலேற்றித் திருநெல்வேலிக்கோ வேலூருக்கோ கொண்டுபோக நினைப்பவர்கள், இங்கிருந்து கிளம்பும் முன்பே 28-ம் எண் படிவத்தில் தடையின்மைச் சான்று வாங்கிவிடுங்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டி இருந்தால் அங்கே புது நம்பர் பெற வேண்டும். இந்தச் சான்று இல்லாமல் அது நடக்காது. ஊருக்குப் போன பிறகு இதற்காகப் பூனாவுக்குத் திரும்பி வந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். ரயில் டிக்கெட் மட்டும் மூன்று முறை எடுத்தார்.