கதிரையில் எழுதிய பெயர் ஏன் உரிகிறது?



தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயில் திருவிழாவோ, பக்கத்து வீட்டுக் கலியாணமோ, வாடகைக்கு வந்து இறங்கும் பிளாஸ்ரிக் கதிரைகளின் முதுகைப் பாருங்கள். பெயின்றால் எழுதிய பெயரில் பாதி எழுத்து போயிருக்கும். நகத்தால் சுரண்டினால் மிச்சமும் செதில் செதிலாகக் கழன்று வரும். அதே பெயின்ற் இரும்புக் கேற்றில் பூசினால் வருடக்கணக்காக நிற்கிறது. குறை பெயின்றில் இல்லை.

கதிரையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் அம்புக்குறி முக்கோணமும் உள்ளே 5 என்ற இலக்கமும் அநேகமாக இருக்கும். அது பொலிபுறொப்பிலீன். இத்தாலிய இரசாயனவியலாளர் யூலியோ நத்தா 1954இல் இதைப் பளிங்குத்தன்மையோடு உருவாக்கினார். 1963இல் கார்ல் சீக்லரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காபனும் ஐதரசனும் மட்டுமே கோத்த நீண்ட சங்கிலிகள்தான் இதன் மூலக்கூறுகள். வேறொரு பொருள் வந்து பற்றிக்கொள்ள அவற்றில் நல்ல பிடி கிடையாது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கதிரையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, காய்ந்ததும் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். துளி திரண்டு நிற்கும். நன்றாகக் கழுவிய கண்ணாடியில் அதே துளி படர்ந்துவிடும். தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் இழுத்துக்கொள்வது பிணைவு. தண்ணீரும் கதிரையும் ஒன்றையொன்று இழுப்பது ஒட்டல். கதிரையில் பிணைவு வென்றுவிட்டது. பெயின்ற் தண்ணீரைவிட நன்றாகப் பரவும் என்றாலும், காய்ந்த பிறகு அதன் ஒட்டலும் பலவீனம்தான்.

அப்படியென்றால் காரின் முன் பம்பரில் நிறம் எப்படி நிற்கிறது? அதுவும் பெரும்பாலும் பொலிபுறொப்பிலீன் கலவைதான். சில தொழிற்சாலைகளில் அதன் மேற்பரப்பைச் சுவாலையால் ஒரு கணம் தடவிச் செல்வார்கள். பிளாஸ்ரிக் உருகாது, மேற்பரப்பில் ஒட்சிசன் சேர்ந்துவிடும். பெயின்றுக்குப் பிடி கிடைத்துவிடும். இது தொழிற்சாலை வேலை, வீட்டில் நெருப்போடு செய்து பார்க்கக் கூடாது. வீட்டில் அரத்தாளால் மெல்லத் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகக் கழுவி, பிளாஸ்ரிக்குக்கென்றே விற்கும் பிறைமரை முதலில் பூச வேண்டும். அதன் பிறகு ஸ்பிறே பெயின்றை 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்து, மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். ரின்னைக் குலுக்கும்போது கடகடக்கும் குண்டு, அடியில் படிந்த நிறப்பொடியைக் கலக்கத்தான் இருக்கிறது. நன்றாகக் குலுக்குங்கள்.

பிவிசி குழாயில் பெயின்ற் இதைவிடச் சுலபமாக ஒட்டும். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு நீங்கள் மாதிரி செய்யும் றெஜிபோமோ நேர் எதிர்: ஸ்பிறே பெயின்றில் உள்ள கரைப்பான் அதைக் கரைத்துக் குழியாக்கிவிடும். அதற்குத் தண்ணீரில் கரைக்கும் பெயின்றே சரி.

உரிய வேண்டும் என்றே செய்த பூச்சும் உண்டு. இறப்பர் போலக் காயும் ஸ்பிறே அது. அதில் பிணைவு அதிகம், ஒட்டல் குறைவு. அதனால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுத் தோலாக வரும். இதை மட்டும் பல தடவை அடித்துத் தடிப்பாக்க வேண்டும்; மெல்லியதாக அடித்தால் துண்டு துண்டாகக் கிழிந்து தொல்லை தரும். சைக்கிள் மட்காட்டின் நிறத்தைக் கொஞ்சக் காலத்துக்கு மாற்ற ஆசைப்படுபவருக்கு இதுதான் பொருத்தம்.

எதைப் பூசினாலும் முதலில் மறைவான மூலையில் அடித்து, ஒரு கிழமை காயவிட்டு, செலோரேப்பை அழுத்தி ஒட்டிச் சடாரென்று இழுத்துப் பாருங்கள். ரேப்போடு நிறம் வந்தால் அந்தப் பூச்சு அந்தப் பிளாஸ்ரிக்குக்கு ஆகாது. ஸ்பிறே அடிப்பது பெரியவர் ஒருவரோடு, வெளி முற்றத்தில், அடுப்புக்கும் நெருப்புக்கும் தூரமாக இருக்கட்டும். அப்பாவின் ஹெல்மெற்றில் மட்டும் எந்த ஸ்பிறேயும் அடிக்காதீர்கள். கரைப்பான் அதன் ஓட்டைப் பலவீனமாக்கக்கூடும்.