சேற்றில் நிற்பதெல்லாம் கொக்கு அல்ல!

மான்கூர்டில் இருந்து புறப்பட்ட ரெயில் வாஷி பாலத்தில் ஏறுகிறது. கீழே தானே உப்பங்கழி. வாசலில் நிற்பவர் சேற்றைப் பார்த்து, "கொக்குக் கூட்டம்" என்கிறார்.

பல நாள் அது கொக்கு அல்ல, பூநாரை!

"பூநாரை என்றால் ரோஜா நிறத்தில் அல்லவா இருக்கும்?" என்று கேட்கலாம். இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். பூநாரைக் குஞ்சு பிறவியில் சாம்பல் நிறம். பாசியிலும் இறால் போன்ற சிற்றுயிர்களிலும் உள்ள சாயம் உடம்பில் ஊறி, இறகு சிவக்க 2, 3 ஆண்டுகள் ஆகும். அதுவரை தூரத்துக்கு அழுக்கு வெள்ளைதான். ஆகவே நிறத்தை நம்பக் கூடாது.

அலகைப் பாருங்கள்

கொக்கின் அலகு ஈட்டி போல நேரானது. பூநாரையின் அலகோ நடுவில் ஒடித்து விட்டது போல வளைந்து இருக்கும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நாக்கால் நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். இரை மட்டும் வாயில் தங்கும். அரிசி களைந்து நீரை வடிப்பது போலத்தான்!

பறக்கும்போது இன்னும் சுலபம். கொக்கு கழுத்தை மடித்துக் கொள்ளும். பூநாரை கழுத்தை முன்னாலும் காலைப் பின்னாலும் நீட்டிக் கொண்டு பறக்கும். மஞ்சள் மூக்கு நாரையும் அப்படியே பறக்கும். வால் பக்கம் கொஞ்சம் ரோஜா நிறமும் உண்டு. ஆனால் நீண்ட மஞ்சள் அலகு அதைக் காட்டிக் கொடுத்து விடும்.

பூநாரையிலும் இரண்டு வகை. பெரியது ஆளின் நெஞ்சு உயரம் நிற்கும். அலகு வெளிர் ரோஜா, நுனி மட்டும் கறுப்பு. சிறியதன் அலகு கருஞ்சிவப்பு. தூரத்தில் கறுப்பாகவே தெரியும். தானே உப்பங்கழியில் சிறியதுதான் அதிகம். தாராவியில் வாழும் நெல்லைக்காரர்கள் ஊரில் கூந்தன்குளத்தில் பார்த்திருப்பது பெரியதை.

எப்போது போகலாம்?

டிசம்பர் முதல் மே வரை ஏதாவது ஒரு ஞாயிறு போதும். சிவ்ரியில் இறங்கிக் கிழக்கே கடற்கரைக்கு நடக்கலாம். செலவு ரெயில் டிக்கெட் மட்டுமே. ஆனால் கடல் நேரம் பார்த்துப் போக வேண்டும். நீர் முழுதும் வற்றினால் பறவைகள் வெகுதூரம் போய்விடும். முழுதும் ஏறினால் சேறே இருக்காது. நீர் ஏறி வரும் வேளையில் கூட்டம் கரையை நோக்கி நகரும். அப்போது வெறும் கண்ணுக்கே அலகு தெரியும்.

ஐரோலி பாலம் முதல் வாஷி பாலம் வரை மேற்குக் கரை 2015-ல் பூநாரை சரணாலயம் ஆனது. சிவ்ரி சேறு அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. நவி மும்பைக்குப் போகும் கடல் பாலம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. அது புறப்படுவதும் அதே சிவ்ரியில் இருந்துதான்.