அடி அங்குலமான கதை

பதினைந்து அடி நீளக் கார், பதினைந்து அங்குலமாகச் சுருங்கினால்? பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் மாதிரிக் கார் செய்வதன் கணக்கு இதுதான். ஓர் அடிக்கு ஓர் அங்குலம்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930இல் சிறுவர்களுக்காக ஒரு கைவினைப் போட்டியைத் தொடங்கியது. முதலில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டியின் மாதிரியைச் செய்ய வேண்டும். மரம் செதுக்குவது, உலோகம் வளைப்பது, இருக்கை உறை தைப்பது எல்லாமே பையன்கள் கையால்தான். பிறகு பன்னிரண்டில் ஒரு பங்கு அளவிலான கார் வந்தது. அதுவும் சாலையில் ஓடும் காரின் நகல் அல்ல. அவரவர் கற்பனையில் பிறந்த புதிய கார். சிறுமிகளுக்கு இதில் இடமில்லாமல் போனது பெரிய குறைதான்.

மரக்கட்டையிலிருந்து காரைச் செதுக்கும்போது இடப்பக்க வளைவும் வலப்பக்க வளைவும் ஒத்துப்போக வேண்டும். அதற்கு அட்டையில் வெட்டிய அச்சை இருபுறமும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார்கள். அச்சுக்கும் மரத்துக்கும் இடையில் வெளிச்சம் கசிந்தால், அந்த இடத்தில் மறுபடி உப்புத்தாள். பெயின்ட் அடித்தால் மறையும் என்று நினைக்க முடியாது. பளபளப்பு ஏற ஏறத்தான் சின்னக் கீறலும் கண்ணில் படும்.

1947இல் இந்தப் போட்டியில் வென்ற சக் ஜோர்டன் என்ற இளைஞர், 1986இல் அதே ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைக்குத் தலைவரானார். போட்டி 1968இல் நின்றது.